உயிரணுக்களின் தவணை

சென்ற ரமலானில் தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, சகோதரர் ஒருவர் நம் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். பச்சை மையில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். நோன்பு நோற்பவரின் உடலிலுள்ள உயிரணுக்கள் பசியெடுத்துப் புற்றுநோய் அணுக்களைத் தேடித் தின்றுவிடுகின்றன என்றும், இதைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது என்றும், ஆகவே நோயாளிகளும் தைரியமாக நோன்பு வைக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. கொடுத்த சகோதரர் நல்ல மனிதர். தம் சொந்தக் காசில் அச்சிட்டு வழங்கியவர். "பத்திரிகையிலும் இதைப் போடுங்கள் ஹஜ்ரத், நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்" என்றார்.

போடுவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? உயிரணுக்களின் வாழ்வையும் மௌத்தையும் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் பார்த்தோம். பிரசுரத்தில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு வியப்பான செய்திகள் கிடைத்தன. பிரசுரத்தில் இருந்தது மட்டும் கிடைக்கவில்லை!

நேயர்களே, தொழுகை முடிந்ததும் விரல்களை மடக்கித் தஸ்பீஹ் எண்ணுகிறோமே, அந்த விரல்களை ஒருகணம் பாருங்கள். தாயின் கர்ப்பத்தில் ஆறாவது வாரத்தில் நம் கை ஒரு துடுப்பைப்போலத் தட்டையாக இருந்தது. விரல்கள் தனித்தனியே இல்லை. பிறகு இடையிலிருந்த உயிரணுக்கள் வரிசையாக மடிந்தன. அவை மடிந்த இடம் இடைவெளியாயிற்று; மீந்தவை விரல்களாயின. எட்டாவது வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் பிரிந்துவிடுகின்றன. வாத்தின் கருவில் அந்த இடத்து அணுக்கள் பெரும்பாலும் மடிவதில்லை. அதனால்தான் அதன் காலில் நீந்துவதற்கான சவ்வு தங்கிவிடுகிறது. கோழிக்கு மடிகின்றன, அது மண்ணைக் கிளறி இரை தேடுகிறது. நாம் பிறப்பதற்கு முன்பே நமக்காக எத்தனை மௌத்துகள் நடந்து முடிந்திருக்கின்றன, சுப்ஹானல்லாஹ்!

மண்ணில் வாழும் ஒரு புழு இருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் உடலில் உண்டாகும் ஒவ்வோர் அணுவையும் விஞ்ஞானிகள் நுண்பெருக்காடியின் கீழ் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இனப்பெருக்க அணுக்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 1090 அணுக்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 மடிந்து, 959 மீந்து நிற்கின்றன. எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் அதே 131 தான். அதே இடத்தில், அதே பருவத்தில்! இந்த ஆராய்ச்சிக்காகச் சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு வழங்கினார்கள். மடிவதற்கான ஏவல் அந்த அணுவின் மரபிலேயே எழுதப்பட்டிருப்பதையும், அந்த எழுத்தைச் சிதைத்துவிட்டால் அந்த அணுக்கள் மடியாமல் தங்கிவிடுவதையும் ஹார்விட்ஸ் கண்டார். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தவணை உண்டு என்று ஈமான் கொண்டிருக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது உள்ளம் சிலிர்க்கிறது. சிலிர்க்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பில் நாம் எங்கே தடுக்கி விழுகிறோம் என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

பெல்ஜியம் நாட்டின் லூவென் பல்கலைக் கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்றொரு பேராசிரியர் இருந்தார். இன்சுலின் ஈரலில் எப்படி வேலை செய்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1949 டிசம்பரில் எலியின் ஈரலை அரைத்துச் சோதித்தபோது, அதிலிருந்த ஒரு நொதிப்பொருளின் வீரியம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி சோதித்தால், வீரியம் பன்மடங்கு ஏறியிருந்தது! வேறொருவராயிருந்தால் கணக்கு தவறிவிட்டதென்று கீழே கொட்டியிருப்பார். அவர் கொட்டவில்லை. அந்த நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடந்து, பை கிழிந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று ஊகித்தார். 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1974இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் பைக்குள் இருப்பது என்ன தெரியுமா? புரதம், கொழுப்பு, சர்க்கரை, மரபுப்பொருள் எதுவானாலும் கரைத்துவிடக்கூடிய ஏறத்தாழ அறுபது வகை நொதிகள். அணு விழுங்கிய கிருமியும், அணுவுக்குள்ளேயே பழுதான உறுப்புகளும் இங்கேதான் வந்து கரைகின்றன. கரைந்த சத்து மீண்டும் உபயோகத்துக்குப் போகிறது. அப்படியானால் அந்த அணுவையே ஏன் அது தின்றுவிடுவதில்லை? முதலாவது, பையின் சவ்வு உள்ளிருக்கும் நொதிகளால் அரிக்கப்படாதபடி அமைந்திருக்கிறது. இரண்டாவது, பைக்குள் கடும் புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் நொதிகளுக்கு முழு வீரியம். கொஞ்சம் வெளியே கசிந்தாலும் அங்கே புளிப்பில்லாததால் பெரும்பாலானவற்றின் பலம் அடங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே திராவகப் பானையை வைத்து, வீடு எரியாமலும் காக்கிறான் ரப்புல் ஆலமீன்!

அந்தக் காலத்தில் லைசோசோமுக்குத் 'தற்கொலைப் பை' என்ற பட்டப்பெயர் வழங்கிவந்தது. தவணை வந்ததும் அணு இந்தப் பையைக் கிழித்துக்கொண்டு தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது என்று பலரும் கருதினார்கள். (தற்கொலை என்ற சொல்லே நமக்குப் பிடிக்கவில்லை. ஏவலுக்குக் கீழ்ப்படிவது தற்கொலை ஆகுமா?)

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியரான ஜான் கெர் என்ற மருத்துவர், எலியின் ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து, அங்கே மடியும் அணுக்களைப் பார்த்தார். சில அணுக்கள் வீங்கி வெடித்தன. அவற்றில் லைசோசோம் கிழிந்திருந்தது. வேறு சில அணுக்களோ ஓசைப்படாமல் சுருங்கிச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தன. அவற்றில் லைசோசோம் கிழியாமல் அப்படியே இருந்தது. ஆக, அமைதியான இந்த மரணத்துக்கு அந்தப் பை காரணமல்ல! 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் இதற்கு அபொப்டோசிஸ் என்று பெயர் சூட்டினார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஏவலை நிறைவேற்றுபவை கேஸ்பேஸ் எனப்படும் வேறு நொதிகள் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. உறையிலிட்ட கத்திகளாக அவை ஒவ்வோர் அணுவிலும் முன்பே வைக்கப்பட்டிருக்கின்றன. சில நிலைமைகளில் லைசோசோமின் கசிவும் மரணத்தைத் தொடங்கி வைப்பதுண்டு என்று அதற்கும் பிறகு கண்டார்கள். அறிவு இப்படித்தான் திருத்தித் திருத்தி நடக்கிறது.

அப்படியானால் லைசோசோமின் வேலைதான் என்ன? மடியும் அணு தன் மேற்சவ்வின் உட்புறத்தில் இருந்த ஒருவகைக் கொழுப்பை வெளிப்புறமாகத் திருப்பிக் காட்டுகிறது. அதைக் கண்டதும் அண்டை அணுக்களும், இதற்கென்றே சுற்றி வரும் பெருவிழுங்கி அணுக்களும் வந்து அந்தப் பொட்டலங்களை விழுங்கிக்கொள்கின்றன. விழுங்கிய அணுவின் லைசோசோம்தான் அவற்றைக் கரைக்கிறது. கொலையாளி என்று நாம் பழிசுமத்திய அந்தப் பை, உண்மையில் மையித்தை எடுத்து அடக்கம் செய்யும் மஹல்லாவாசியாக இருந்திருக்கிறது! ஜனாஸா நம்மீது ஃபர்ளு கிஃபாயா. அண்டையிலுள்ளவர்கள் நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளி. இங்கும் அப்படித்தான். நம் இரத்தத்தின் சிவப்பணு உருவாகும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். பெருவிழுங்கிகள் அதை எடுத்து லைசோசோமில் கரைக்கும். 2001இல் ஜப்பானில் ஷிகேகாசு நகாடாவின் குழுவினர், இதற்கு வேண்டிய ஒரே ஒரு நொதி இல்லாத எலிக்கருக்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். அடக்கம் செய்யப்படாத உட்கருக்கள் பெருவிழுங்கிகளில் தேங்கின. கருக்கள் இரத்தசோகையால் பிறக்குமுன்பே இறந்தன. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதன் பிறகு மண்ணீரலிலும் ஈரலிலும் அது அடக்கமாகிறது. அதிலிருந்த இரும்புச்சத்து புதிய அணுக்களுக்கு வாரிசுச் சொத்துபோலப் போய்ச் சேருகிறது.

இப்போது கேட்கிறோம். 1960இல் நம் பத்திரிகைகளில் யாரேனும் ஒருவர், "ஒவ்வோர் அணுவிலும் மரணப் பையை இறைவன் வைத்திருப்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, இதோ ஆயத்து" என்று எழுதியிருந்தால் 1972இல் அவர் என்ன செய்திருப்பார்? பை கொலையாளி அல்ல என்று ஆனதும், அவர் பேச்சை நம்பிய வாலிபன் ஆயத்தையல்லவா சந்தேகித்திருப்பான்! நேற்றுச் சொன்னதை இன்று திருத்திக்கொள்வது விஞ்ஞானிக்கு இழுக்கல்ல. அது அவருடைய அமானிதம். ஆனால் மாறக்கூடிய சாட்சியைக் கூண்டிலேற்றி, மாறாத ஒன்றுக்கு வழக்காடுகிறோமே, அது நம்முடைய அறியாமை. அல்லாஹ்வின் குத்ரத்தைக் கண்டு வியப்பது வேறு. அவன் வார்த்தைக்கு ஆய்வுக்கூடத்தில் முத்திரை வாங்கப் போவது வேறு.

இனி பிரசுரத்துக்கு வருவோம். அதில் பெயர் சொல்லாமல் குறித்திருந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி. 2016இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. அவர் ஆராய்ந்தது மனிதனையல்ல, ஈஸ்ட் என்னும் நொதிக்காளானை. அதைச் சத்தில்லாத கரைசலில் பட்டினி போட்டபோது, அது தன் உட்பொருளில் ஒரு பகுதியை உறைகளில் கட்டி, லைசோசோமுக்கு இணையான குழிப்பைக்குள் அனுப்பிக் கரைத்துக்கொண்டது. பஞ்ச காலத்தில் வீட்டுப் பழைய சாமானை விற்றுச் சாப்பிடுவதைப் போன்றது இது. 1993இல் இதற்கு வேண்டிய பதினைந்து மரபணுக்களை அவர் அடையாளம் கண்டார். இது அணு பிழைத்திருப்பதற்கான வழி. பிற அணுக்களைத் தேடிச் சென்று தின்பதல்ல. இன்னும் சொல்வதானால், தவணைக்குக் கட்டுப்பட மறுத்துப் பெருகும் புற்றுநோய் அணுக்களும் பட்டினியில் பிழைத்துக்கொள்ள இதே தந்திரத்தைக் கையாளுகின்றன! ரமலான் நோன்பைப் பற்றி அந்தப் பரிசு எதுவும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் நமக்கென்ன குறை? நாம் நோன்பு வைப்பது அவன் கடமையாக்கியதற்காக. நிய்யத்தில் நாம் ஈஸ்டின் பெயரைச் சொல்வதில்லையே!

இதை ஒரு சிறு பிழையாக எண்ணி விட்டுவிட நமக்கு மனம் வராததற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த குடும்பத்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பேரன் வாசித்துக் காட்டிய அந்தப் பிரசுரத்தை நம்பி, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நோன்பு வைத்தார். மூன்றாம் நாள் அஸர் நேரத்தில் ஒளுச் செய்யப் போன இடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கண் விழித்ததும், "என் நோன்பு முறிந்துபோச்சே" என்று அழுதாராம். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் நோன்பைக் கடமையாக்கிய அதே ரப்பு. அதே வசனங்களிலேயே கொடுத்திருக்கிறான். குணமாகும் நோயாளி பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையில்லாத முதியவர், நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுக்கலாம். வைக்கலாமா கூடாதா என்பதை வைத்தியரிடம் கேட்டு, பிறகு ஆலிமிடம் கேட்க வேண்டும். பச்சை மைப் பிரசுரத்திடம் கேட்கக் கூடாது.

அந்தச் சகோதரரைச் சென்ற வாரம் சந்தித்தோம். மூதாட்டியின் செய்தி அவருக்குத் தெரியாது. கேட்டு முகம் வாடிப்போனார். வரும் ரமலானுக்கு அச்சிடும்போது அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாகவும், அந்த இடம் காலியாக இருக்குமே, என்ன போடலாம் என்றும் கேட்டார். ஃபித்யாவின் சட்டத்தைப் போடுங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் ஸஹர் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றோம்.