காலியாகப் போன பஸ்

நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற இன்னொன்று, நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஆசை. எனக்கும் வந்தது. வண்டிச் சாவிக்கு வாசல் நிலையோரம் ஓர் ஆணி அடித்தேன். மறுநாள் சட்டையை முந்தின ராத்திரியே இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். பீன்ஸும் கேரட்டும் படுக்கப் போகுமுன் நறுக்கி டப்பாவுக்குள் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை. நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. படுக்கிற அறைக்குள் போன் கிடையாது. இதையெல்லாம் கேலி பேச மாட்டேன். சாவி தேடுகிற எரிச்சல் ஒன்று ஒழிந்தாலே காலைப்பொழுது நீண்டுவிடுகிறது. மூன்று மணிக்குக் கண் செருகுவதும் நன்றாகவே குறைந்தது.

இந்தத் தெம்பில் நடமாடிக்கொண்டிருந்தபோதுதான், மடவார் வளாகத்தில் ஒரு பெண் பஸ்ஸைப் போகவிட்டதைப் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கு ஓரம், வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வெளியே சாயங்கால நேரம். ஐம்பதை ஒட்டிய வயது. தோளில் துணிப்பை. பால்கோவாக் கடையில் பொட்டலம் போடுகிற வேலையாம். கோயில் வாசலில் செருப்பை மாட்டி, ரோட்டைக் கடந்து வந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் அதே செருப்பை மறுபடி கழற்றினார். வீட்டு வாசலில் விடுவதுபோல இரண்டையும் ஜோடியாக நேர்செய்து வைத்தார். ராஜபாளையம் போகும் டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி. ஜன்னலோர சீட்டுகூட காலி. அவருடைய வலது கால் கட்டைவிரல் செருப்பு வாரைத் தொட்டது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு பின்னால் இழுத்துக்கொண்டது. பஸ் போய்விட்டது.

“ஏறலையாக்கா? காலியாத்தான போச்சு” என்றேன்.

“இதுல போனா கால்மணி நேரம் முன்னாடி போயிருவேன் அண்ணாச்சி.”

“நல்லதுதானே?”

“யாருக்கு? முன்னாடி போனா, அந்தக் கால்மணியும் அடுப்புக்குத்தான் போகும்.”

அடுத்த வண்டி படிக்கட்டு வரை பிதுங்கிக்கொண்டு வந்தது. நின்றுகொண்டேதான் போனார்.

நின்றுகொண்டு போனதுதான் என்னைக் குடைகிறது. களைப்பாற உட்கார்ந்தார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது. பெஞ்சில் ஆறிய களைப்பு பஸ் கூட்டத்தில் இரட்டிப்பாகத் திரும்பியிருக்கும். உடம்புத் தெம்பு என்று பார்த்தால் முழு நஷ்டம். அது தெரிந்தும் அந்த விரல் பின்வாங்கியது. எதை மிச்சம் பிடித்தார்?

இதற்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மடவார் வளாகத்தைப் பற்றி ஊரில் சொல்கிற கதைகளில் இரண்டு, கிட்டத்தட்ட இந்த விஷயத்தைத்தான் பேசுகின்றன. ஒன்று, பிள்ளைப்பேற்றுக்குத் தவித்த பெண்ணுக்கு அவள் தாய் வந்துசேர முடியாதபோது, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்த கதை. மற்றது திருமலை நாயக்கர் கதை. 1623 முதல் 1659 வரை ஆண்ட அவருக்குத் தீராத நோய் ஒன்று இங்கே தீர்ந்ததாம். அன்றிலிருந்து இந்தக் கோயிலில் உச்சிகாலப் பூஜை முடிந்த பிறகே மதுரையில் சாப்பாடு என்று வழக்கப்படுத்திக்கொண்டாராம். பூஜை முடிந்த சேதி போய்ச்சேர வழிநெடுக நகரா முரசு வைத்த மண்டபங்கள். இங்கே ஒரு முழக்கம், அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் ஒரு முழக்கம், இப்படியே மதுரை வரை.

வேளைக்குச் சாப்பிடு, அதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள். இன்றைக்கு உடம்பைப் பற்றி அறிவுரை சொல்கிற எல்லாரும் சொல்வதுதான். ராஜாவும் அதைத்தான் செய்திருக்கிறார். சின்ன மாற்றம்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். நகரா ஒலி இரண்டு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும் என்று தாராளமாக வைத்தாலும், கிட்டத்தட்ட நாற்பது பேராவது உச்சிவெயிலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஒலி மட்டும் தடையில்லாமல் போனால் நாலு நிமிடத்துக்குள் மதுரையைத் தொட்டுவிடும். மனிதர்கள் கேட்டு, கோலெடுத்து, அடித்து அனுப்புவதால் இன்னும் கொஞ்சம் கூடும். ராஜாவின் வயிறு சரியானது. அந்த நாற்பது பேர் எப்போது சாப்பிட்டார்கள் என்று கதையில் இல்லை. கதை உண்மையோ புனைவோ, அந்த இடத்தை விட்டுவிட்டது மட்டும் நிஜம்.

எங்கள் வீட்டில் நகராவுக்குப் பதில் மில் சங்கு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்க, அதன் பிறகு பஞ்சாலைகள் பெருகப் பெருக, ஊரே ஷிப்ட் கணக்கில் தூங்கி எழுந்தது. அப்பாவுக்கு ஓர் ஆலையில் வேலை. அதிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஒரு செம்பு நீராகாரம், கிணற்றடி வரை நடை, வெந்நீர்க் குளியல். முதல் சங்கு ஊதும்போது சைக்கிளில் கால் போட்டிருப்பார். கடைசி வரை படுக்கையில் விழாத உடம்பு. “விடியக்காலம் எந்திரிச்சவனுக்கு நாள்ல ரெண்டு நாள்” என்பார். உறவுக்காரர்கள் எல்லாம் அப்பாவின் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நாலரைக்கு அவர் எழும்போது வெந்நீர் காய்ந்திருக்கும், தூக்குவாளியில் சோறு அடைத்திருக்கும். அப்படியென்றால் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார்? அவரை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லவில்லை.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வலது கை குழவியைச் சுற்ற, இடது கை மாவை ஒதுக்கி ஒதுக்கிக் குழிக்குள் தள்ளும். கொஞ்சம் பிசகினால் விரல் நசுங்கும். ஆட்டி முடித்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். அந்தக் காலத்து மாவின் ருசியே தனி என்று இப்போது யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மாப்பிள்ளை வந்தால் ஒருநாளும். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய கிரைண்டர் எங்கள் வீடு வந்துசேர வெகுகாலம் ஆனது. வந்த வாரத்திலிருந்து தினமும் தோசை. பக்கத்து வீட்டுக்கும் மாவு. ஒரு மணி நேர வேலை இருபது நிமிடமானது, பண்டிகை வேலை தினசரி வேலையானது. வாரக் கணக்குப் போட்டால் அம்மாவுக்கு என்ன மிஞ்சியது என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இடுப்புவலி மிஞ்சவில்லை. அதைச் சிறிய விஷயம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் எழுதிய ‘மோர் ஒர்க் ஃபார் மதர்’ புத்தகத்தை ரொம்ப வருஷத்துக்கு முன் அரைகுறையாகப் படித்தேன். அடுப்புக்கு விறகு பிளந்தது புருஷனும் பையன்களும். இரும்படுப்பும் பிறகு கேஸும் வந்ததும் அவர்கள் வேலை போயிற்று, சமைப்பவள் வேலை அப்படியே நின்றது. துவைக்கும் மெஷின் வந்ததும் துணியை அடிக்கடி மாற்றும் பழக்கம் கூடிப்போனது. இவ்வளவுதான் மனதில் தங்கியிருக்கிறது. ஆனால் அம்மாவின் கிரைண்டர் பக்கத்தில் வைத்தால் பொருந்திப் போகிறது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆய்வெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. மறுபடி 2024-ல் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில், இத்தனை மிக்ஸியும் குக்கரும் செயலியும் கடந்து, பெண்களுக்குக் குறைந்ததெல்லாம் பத்து நிமிடம். சளைக்காமல் ஆண்கள் ஒன்பது குறைத்துக்கொண்டோம்.

பத்து நிமிடம். அந்தப் பெண் பெஞ்சில் பிடித்துவைத்துக்கொண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

சின்ன வயதில் எங்கள் தெருக் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அம்மா மணிக்கணக்கில் நிற்பார். தண்ணீருக்காக நின்றதைக் கொடுமை என்று நான் எழுதினால் அது சரிதான். ஆனால் அங்கே நிற்கும்போது அவரை யாரும் கூப்பிட முடியாது. குடம் வரிசையில் இருக்கிறதே! அங்கேதான் அம்மா வாய்விட்டுச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் அந்தச் சிரிப்பு இல்லை. பிறகு வீட்டுக்கே குழாய் வந்தது. சிரிப்பு எங்கே போயிற்று என்று யோசிக்கிற வயதில்லை அப்போது எனக்கு.

அந்தக் கட்டைவிரலை இப்படியும் படிக்கலாம். காலி பஸ்ஸில் போனால் கிடைக்கும் கால்மணி எல்லார் கண்ணுக்கும் தெரியும். தெரிந்தால் வேலை வந்து ஒட்டும். கூட்ட பஸ்ஸில் போனால் ‘பஸ் அந்நேரத்துக்குத்தான்’ என்று ஒரு சாக்கு. செருப்பைக் கழற்றி நேராக வைத்ததும் அதற்காகவே இருக்கலாம். கழற்றிவிட்டால்தான் உட்கார்ந்ததாக அர்த்தம். இல்லை, வெறுமனே கால் எரிச்சலாகவும் இருக்கலாம். நாள் முழுக்க நின்று பொட்டலம் போட்ட கால்.

தமிழ்நாட்டுப் பெண்களின் நேரத்துக்கும் செப்டம்பர் 15-க்கும் ஏதோ பந்தம். அண்ணா பிறந்தநாள் என்பதால் அரசுகள் அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்கின்றன. விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி 2011-ல் அன்று தொடங்கியது. மகளிர் உரிமைத்தொகை 2023-ல். நடுவில் 2022-ல், மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம். என் பார்வையில் காலைநேரத்து அவசரத்தைக் குறைத்ததில் இதுதான் பெரிய காரியம். நான் அடித்த ஆணியெல்லாம் இதன் பக்கத்தில் வராது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே தயார். வீட்டில் ஒரு தாய்க்கு அரைமணி நேரம் கிடைக்கிறது.

கிராமத்துப் பள்ளிகளில் அதைச் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பிள்ளைகள் வருமுன் உலை கொதித்திருக்க வேண்டும் என்றால் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? சம்பளம் உண்டு, திருமலை நாயக்கர் கதையிலிருந்து இது வேறு என்பதும் நிஜம். ஆனாலும் நேரம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. அரைமணி கிடைத்த தாய் அதில் உட்கார்ந்தாளா, அல்லது மாமனாருக்கு வெந்நீர் என்று அதற்குள் ஒரு குரல் வந்துவிட்டதா?

இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் என் நறுக்கின பீன்ஸைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“போய்க் கேட்டா சொல்லிருவாகளா? நேரம் கிடைச்சுச்சுன்னு வெளிய சொன்னா அதுவும் போயிரும்ல.”

“உனக்கு அப்படி ஏதாவது இருக்கா?”

அவள் பதில் சொல்லாமல் அடுப்பைத் தணித்தாள்.

அப்படியானால் அந்த ஆய்வின் கணக்குக்குள், வேலை என்று பெயர் எழுதி ஒளித்துவைத்த நிமிடங்களும் இருக்கக்கூடும். வரிசையில் நின்றது, பஸ்ஸுக்குக் காத்திருந்தது, அரிசியில் இல்லாத கல்லைத் தேடியது. வீட்டு வேலையை நான் இன்னும் பாதி எடுத்துக்கொண்டால் அந்த ஒளிவுக்கு அவசியமிராது என்று ஒருநாள் தோன்றுகிறது. அப்படி எடுத்துக்கொள்வதால் அவள் ஒளிந்திருக்கும் இடத்தையே பிடுங்கிவிடுவேனோ என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டில் எது என் சோம்பல் பேசுவது, எது நியாயம் பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.