எலுமிச்சையும் இரும்பும்

புத்தம் புதிய வண்டி வீட்டு வாயிலில் நிற்கிறது. கைப்பிடியிலே மாலை; பெட்ரோல் தொட்டியிலே சந்தனம், குங்குமம்; இரு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம். உதைக்கிறார், உறுமுகிறது, உருள்கிறது, பழம் நசுங்குகிறது! இனி ஆபத்தில்லை என்று வீட்டார் பெருமூச்சு விடுகின்றனர். பிரேக் பிடிக்குமா என்பது பழத்துக்குத் தெரியுமா? பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்பதைக் குங்குமம் அறியுமா? அறியாது! ஆயினும், வீட்டாரின் அச்சம் அகன்றுவிட்டது. ஆபத்து அகன்றதா? அதுதான் கேள்வி.

இந்தக் காட்சியைக் காட்டி எள்ளி நகையாடுவது நமக்குக் கடினமன்று. நெடுநாளாகச் செய்து வருகிறோம்; செய்யவேண்டிய வேலைதான். ஆனால் தோழர்களே, எலுமிச்சம்பழத்தை எடுத்து எறிந்துவிட்ட கை, அந்தக் கணமே அறிவை ஏந்திய கையாக ஆகிவிடுமா? இன்று அந்தக் கேள்வியை நம் பக்கமே திருப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இடம் சேலையூர். அருகே, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி. வானத்திலே விமானப்படைப் பயிற்சி விமானங்களின் ஒலி. சற்றுத் தொலைவில் குரோம்பேட்டை. தம் மாளிகையை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு சி. ராஜம் 1949-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. ஏட்டறிவுக்கும் எந்திர அறிவுக்கும் நடுவே அமைந்த ஊர் என்று சொல்லலாம். அந்த ஊரில், ஒரு வீட்டின் பின்புறச் சாய்ப்பிலே ஓர் இளைஞர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். எஃகுக் குழாயை வெட்டுகிறார், வளைக்கிறார், அரம் கொண்டு தேய்க்கிறார், பற்றவைக்கிறார். ஆலையிலே செய்த வண்டியை வாங்காமல், அடிமுதல் முடிவரை தாமே ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்கிறார்!

நம்மவர்தான் அவர். நல்ல நேரம் பார்ப்பதில்லை. இராகு காலத்தில்தான் சட்டகத்தின் கழுத்துக் குழாயையே பற்றவைத்தார். வேலை முடிந்தது. வீட்டார் எலுமிச்சம்பழத்தோடு வருகின்றனர். "வேண்டாம்" என்கிறார். "விழுந்துவிட்டால்?" என்று தாயார் கேட்கிறார். "விழமாட்டேன், அம்மா! நானே செய்தது. எனக்குத் தெரியும், இது தாங்கும்!"

தோழரே, உமக்கு எப்படித் தெரியும்?

இழுத்துப் பார்த்தீரா? எடை ஏற்றிப் பார்த்தீரா? பிறரிடம் காட்டிக் குறை கேட்டீரா? இல்லையெனில், "எனக்குத் தெரியும்" என்ற அந்தச் சொல்லும் சக்கரத்தின் அடியில் வைக்கப்பட்ட எலுமிச்சம்பழந்தான்! தாயார் வைத்த பழம் கண்ணுக்குத் தெரிகிறது. மகன் வைத்த பழம் தெரியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

கையால் செய்வதைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள் பிறந்ததே ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான். ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில், காட்லீப் டைம்லர், தம் இல்லத் தோட்டத்துக் கொட்டகையைப் பட்டறையாக்கினார். வில்ஹெல்ம் மேபாக்கும் அவரும் அங்கே உழைத்தனர். கள்ளப் பணம் அடிக்கிறார்களோ என்று ஐயுற்றுக் காவலர் வந்து சோதித்ததாகக்கூட ஒரு கதை உண்டு. 1885-ல் பிறந்த அவர்களுடைய வண்டியின் சட்டகம் மரம்! அந்த நவம்பரில் டைம்லரின் மகன் பவுல் அதை ஓட்டிச் சென்றபோது, இருக்கைக்கு அடியில் எஞ்சினைப் பற்றவைக்கும் சூட்டுக் குழாய் இருந்ததால், இருக்கையே தீப்பற்றியது என்பர். உலகின் முதல் மோட்டார் சைக்கிள், தன் முதல் குறையை ஓடிக் காட்டியது. செய்தவர்கள் விதியை நொந்து கொள்ளவில்லை. குறை இது என்று கண்டனர்; மேலே நடந்தனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடுவை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்க, ஊரார் வியந்து பார்த்தனர். இளைஞர் நாயுடுவோ, எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். அதுபோல் ஒன்றை வாங்கவேண்டும் என்பதற்காகக் கோவை சென்று, உணவு விடுதியிலே பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் கைக்கு வந்தது. வந்ததும் என்ன செய்தார்? பொட்டு வைக்கவில்லை, பிரித்துப் போட்டார்! ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பள்ளி தராத கல்வியை அந்தப் பிரித்தலும் பூட்டலும் தந்தன. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார், 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு இணைந்து இந்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கிக் காட்டினார்.

பிரித்துப் பார்ப்பது பாவம் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் உண்டு. பெரியோர் சொன்னதைப் பிரிக்காதே, ஏட்டில் உள்ளதைப் பிரிக்காதே! நினைப்பவன் ஒரு பிறவி, செய்பவன் வேறு பிறவி என்று தலையையும் கையையும் தனித்தனியே பிரித்து வைத்தவர்களும் அவர்களே. ஆண்டுக்கு ஒருநாள் சுத்தியலுக்குச் சந்தனம் பூசுவர். அந்தச் சுத்தியலைப் பிடித்துக் காய்த்துப்போன கைக்கு ஆண்டு முழுவதும் திண்ணையிலும் இடம் தரமாட்டார்கள். சேலையூர்ச் சாய்ப்பிலே அந்த இளைஞர் தலையையும் கையையும் ஒன்று சேர்க்கிறார். அதனாலேயே அவர் பணியை நான் போற்றுகிறேன். போற்றுவதனாலேயே ஒன்று கேட்கவும் செய்கிறேன்: பிறர் சொன்னதைப் பிரித்துப் பார்த்த நீர், நீர் செய்ததைப் பிரித்துப் பார்ப்பீரா?

ஏனெனில், இரும்பு எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. பக்தர் பற்றவைத்தாலும் பகுத்தறிவாளர் பற்றவைத்தாலும், வெப்பம் போதாவிட்டால் உலோகத்தோடு உலோகம் கலக்காது. மேலே மீன் செதிலென மின்னும், உள்ளே வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கண் ஏமாறும். அதற்கொரு சோதனை உண்டு. அந்த இடத்தைத் தூய்மையாக்கிச் சிவப்புச் சாயம் பூசுவர். மயிரிழை விரிசலிலும் சாயம் நுழையும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெண்பொடி தெளித்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் ஊறி மேலெழும். வெள்ளையின்மீது சிவப்புக் கோடு தெரியும். அங்கேதான் உடையும்! அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மேற்பரப்பை எட்டாமல் உள்ளே புதைந்த குறையை அது காட்டாது. அதற்கு ஊடுகதிர்ப் படமோ மீயொலிச் சோதனையோ வேண்டும். சோதனையும் தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது; அதுதான் அறிவின் நாணயம்.

முன் சக்கரத்தைத் தாங்கும் கவையை எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்காக அதை நீட்டிச் சாய்த்துவிடுவோர் உண்டு. கைப்பிடி திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளி, சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் விழவேண்டும். அந்தச் சில அங்குல இடைவெளிதான் வண்டியை நேர்வழியில் நிறுத்துகிறது. குறைந்தால் கைப்பிடி தடுமாறும். மிகுந்தால் திரும்ப மறுக்கும். வேகமும் அப்படித்தான். இருமடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு ஆற்றல். ஆகவே 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்கும் தூரத்தைப் பார்த்து, 60-ல் இருமடங்குதானே என்று எண்ணுபவர், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் ஓடிய பிறகே நிற்பார். நடுவிலே யார் நிற்கிறார்களோ!

அங்கேதான் இது அறக் கேள்வியாகிறது. தம் உயிரைப் பணயம் வைப்பது அவர் உரிமை என்று வாதிடலாம். சாலையிலே அவர் மட்டுமா இருக்கிறார்? பள்ளிவிட்டு வரும் சிறுமி இருக்கிறாள், தள்ளுவண்டிக்காரர் இருக்கிறார், சாலையைக் கடக்கத் தயங்கும் முதியவர் இருக்கிறார். அவர்கள் யாரும் அந்தக் கழுத்துக் குழாயைப் பார்த்ததில்லை. அந்த இளைஞரின் தன்னம்பிக்கைக்குத் தம் உயிரைப் பிணையாக எழுதித் தரவும் இல்லை. தெரு எல்லாருக்கும் பொது என்பதற்காக 1924-ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். பொதுத் தெரு என்பது நமக்கு வெறும் சொல்லன்று. பிறப்பின் பெயரால் ஒருவர் அதை அடைத்துக்கொள்ளக் கூடாது என்றோம். திறமையின் பெயரால் ஒருவர் அதை ஆபத்தாக்கலாம் என்று சொல்வோமா?

"பார்த்தீர்களா, அதனால்தான் தடுக்கிறோம்" என்று சட்டம் முன்வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. வண்டி தயாரிப்போர் மாதிரி ஒன்றைச் சோதனை நிலையத்துக்குத் தந்து சான்று பெறவேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு விதிகளில் 126-ஆம் விதி. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலே, ஒரகடத்திலேயே அத்தகைய சோதனைக்கூடம் இருக்கிறது.

சோதிக்கவேண்டும் என்ற விதியில் குறை காணமாட்டேன். ஆனால், ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் ஆலையை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ஆலைக்கு அந்தச் சோதனைச் செலவு கடலில் கரைத்த பெருங்காயம். ஒற்றை வண்டி செய்தவருக்கோ வீட்டையே கரைக்கும் செலவு. விளைவு என்ன? அவர் சோதனைக்குப் போவதில்லை. ஒன்று, செய்த வண்டியைச் சாய்ப்பிலேயே சாத்திவைக்கிறார். அல்லது இரவிலே திருட்டுத்தனமாக ஓட்டுகிறார். முதலாவதால் திறமை துருப்பிடிக்கிறது. இரண்டாவதால் ஆபத்து இருட்டிலே உலவுகிறது. பிரிட்டனிலே தனியொருவர் கட்டிய ஒற்றை மோட்டார் சைக்கிளையும் ஆய்ந்து, தகுதியெனில் அனுமதிக்கும் முறை உண்டு. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நம் கோரிக்கை எது? "நாங்களே செய்தோம், எங்களை விட்டுவிடுங்கள்" என்பதா? அது சலுகை கேட்கும் குரல். "நாங்களே செய்தோம்; வந்து சோதித்துப் பாருங்கள்; எளியவருக்கும் எட்டும் கட்டணத்தில் சோதியுங்கள்; தவறினால் ஏன் என்று எழுதித் தாருங்கள்; திருத்திக்கொண்டு மீண்டும் வருவோம்" என்பதே உரிமைக் குரல்! விலக்கு வேண்டாம், சோதனை வேண்டும்.

நியூசிலாந்தின் இன்வர்காகில் ஊரில் பர்ட் மன்றோ என்றொருவர் இருந்தார். 1920-ல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளை, ஒரு கொட்டகையிலே, நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் திருத்திக்கொண்டே இருந்தார். பிஸ்டனைத் தாமே வார்த்தார். இணைப்புத் தண்டைத் தாமே செதுக்கினார். புதிதில் மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டாத அந்த வண்டியை, 1967-ல், அமெரிக்காவின் பானவில் உப்புவெளியிலே சுமார் 295 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68! அவர் கொட்டகையில் ஓர் அலமாரித் தட்டு. அதிலே உடைந்த பிஸ்டன்கள், நெளிந்த தண்டுகள். அவற்றின்மேல், வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று குறும்பாக எழுதி வைத்திருந்தார். குறும்பு இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். எந்தப் பூசையறையிலாவது பலிக்காத வேண்டுதல்களை வரிசையாக அடுக்கி வைத்ததுண்டா? தோற்றதைக் கண்முன் வைத்திருந்ததால்தான் அவர் வென்றார்.

அத்தகைய தட்டு ஒன்று நம் ஒவ்வொருவர் பட்டறையிலும் வேண்டும். ஒவ்வொருவர் படிப்பறையிலும் வேண்டும். உடைந்துபோன நம் கருத்துகளை, பொய்த்துப்போன நம் உறுதிமொழிகளை அதிலே அடுக்கிவைக்கும் துணிவு வேண்டும். பிறர் நம்பிக்கையை ஐயுறுவது பகுத்தறிவின் முதற்பாடம். தன் கைவேலையை ஐயுறுவதே முதிர்ந்த பாடம்.

சேலையூர் இளைஞரே! வண்டியை இன்னும் சாலைக்கு ஏற்றாதீர். சாயத்தைப் பூசும், சிவப்புக் கோடு தெரிகிறதா பாரும். தெரிந்தால் வெட்கம் வேண்டாம். அறுத்துவிட்டு மீண்டும் பற்றவையும். தெரியாவிட்டாலும் அதோடு நில்லாதீர்; உம்மைவிட அறிந்த ஒருவரை அழைத்து, குறை கண்டு சொல்லச் சொல்லும். தாயார் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தையும் வீசி எறியவேண்டாம். வந்தவர் வெயிலில் குனிந்து உம் வண்டியைப் பார்த்துக் களைத்திருப்பார். பிழிந்து, சிறிது உப்பிட்டு, அவருக்கு ஒரு குவளை கொடும்.