மாலை கழற்றினாலும் அவர் 'சாமி'தான்!

கார்த்திகையில் மாலை போட்டு, 41 நாளும் ஒரு சொட்டு மதுகூடத் தொடாமல் இருப்பார்கள் சிலர். மலைக்குப் போய்த் திரும்பியதும் 'பழைய குருடி கதவைத் திறடி' கதைதான்! 'ஐயப்பனுக்குக் கொடுத்த வாக்கு இவ்வளவுதானா?' என்று மனம் கசந்துபோகிறீர்களா சகோதரி?

கொஞ்சம் யோசியுங்கள். அந்த 41 நாளும் வீடே அவரை 'சாமி' என்று அழைத்தது. விடியலில் குளியல், அந்தியில் பூஜை, கூடவே நாலு சாமிகளின் துணை. மாலையைக் கழற்றியபோது, அந்த மரியாதையும் துணையும் சேர்ந்தல்லவா கழன்றுவிட்டன!

குடிநோய், அடங்கியதுபோல் இருந்து மீண்டும் தலைதூக்கக்கூடியது என்கிறது மருத்துவம். எனவே, சறுக்கியவரைப் பாவி என்று ஒதுக்க வேண்டாம். 'அவருக்குக் காய்ச்சல்' என்று ஆபீஸுக்குப் பொய் சொல்லி மறைக்கவும் வேண்டாம். நம் மரியாதை மனிதருக்கு, குடிக்கு அல்ல!

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மாலை போடும் முன்பே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பது ஆபத்து. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள்.

விளக்கேற்றும்போது அவரையும் பக்கத்தில் அழையுங்கள். 'இன்று ஒரு நாள் காப்பாற்று' என்று சேர்ந்து வேண்டுங்கள். நாளைய வேண்டுதலை நாளை பார்த்துக்கொள்ளலாம்!