தன் விலையைத் தானே கூறலாமா?



வேலை தேடிப் போகிறவன் தன்னைப் பற்றித் தானே நல்லது சொல்லிக்கொள்ளலாமா? சொல்லலாமென்றால் எவ்வளவு சொல்லலாம்? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு மனுவும் கையுமாக நிற்கிற இந்நாளில், இதற்கு விடை காணாமல் நாம் இருக்க இயலாது.

இக்கேள்வியை நம் முன் கொண்டுவந்தவர், நமக்கு வேண்டிய குடும்பத்து இளைஞர் ஒருவர். ஆசிரியப் படிப்பின் கடைசிக் கட்டமாகிய கற்பித்தல் பயிற்சியை ஓர் இடைநிலைப்பள்ளியில் முடித்திருக்கிறார். அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது இரண்டாம் படிவத்தில் ஒரு வகுப்பு. சிரமமான பள்ளி, அதிலும் சிரமமான வகுப்பு. புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தும் மலாய்மொழி பிடிபடாமலே மேலே வந்த பிள்ளைகள் சிலர். இரவு வெகுநேரம் வரை ஒட்டுக்கடையில் தாய் தகப்பனுக்கு ஒத்தாசை செய்துவிட்டு, காலையில் மேஜைமேல் தலை சாய்க்கிற பிள்ளைகள் சிலர். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் மூன்று நாள் மட்டம் போடுகிறவர்கள் வேறு. இரவெல்லாம் கண்விழித்து எழுதிய பாடத்திட்டம், வகுப்பில் நுழைந்த பத்தாம் நிமிடத்தில் உதவாமற் போய்விடும். வழிகாட்டி ஆசிரியரோ பின்வரிசையில் அமர்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்!

பயிற்சி முடிந்தபோது கணக்கு இதுதான்: ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறியும் வாசிக்க முடியாதிருந்த நால்வர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் ஒழுங்காக வரலானான். மற்றவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். வகுப்பின் தேர்வு முடிவில் சொல்லும்படியான மாற்றம் ஒன்றுமில்லை.

இப்பொழுது அவர் வேலைக்கு மனு எழுதுகிறார். நண்பர்கள் சொல்கிறார்கள்: “வகுப்பையே தலைகீழாக மாற்றிக்காட்டினேன் என்று எழுது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.” தகப்பனார் சொல்கிறார்: “அந்தப் பள்ளிக்கூடத்துப் பேச்சையே எடுக்காதே, தம்பி. பேர் கெட்ட இடம். உன் பேரும் கெட்டுப்போகும்.” பிள்ளையோ, “எழுதுவதற்கு என்ன இருக்கிறது, அத்தா? கடையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்” என்கிறார்.

ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் மறைக்கச் சொல்கிறார், ஒருவர் குறைத்துக்கொள்கிறார். தராசு பிடித்துப் பிழைக்கும் நமக்கு இம்மூன்றும் புதியவை அல்ல. மூன்றும் கள்ள நிறுவைதான்.

முதலில் மறைப்பதை எடுத்துக்கொள்வோம். மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கக்கூடாதென்றும் தடுக்கவில்லை. மேலே வைத்து விற்கலாம். ஈரத்தை அடியில் தள்ளியதே குற்றம். அதுபோலவே, சிரமமான பள்ளியில் போடப்பட்டது அந்த இளைஞரின் குற்றமன்று. அங்கே பலர் தேறவில்லை என்பதும் மறைக்கவேண்டிய அவமானமன்று. அது மேலே இருக்கட்டும்.

கூட்டிச் சொல்வது தவறென்பதை விளக்க வேண்டியதில்லை. சிந்திக்க வேண்டியது மூன்றாவது வகையைத்தான். ஏனெனில் அது பணிவு என்னும் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. “என்னிடம் ஒன்றுமில்லை” என்பவனை உலகம் நல்லவன் என்கிறது. ஆனால் அவன் சொல்வது உண்மையா? நான்கு பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்களே, அது ஒன்றுமில்லாததா? ஒரு மரக்கால் அரிசியை முக்கால் மரக்கால் என்று சொல்பவனும் அளவைப் பொய்யாகத்தானே சொல்கிறான்!

நிற்க. இங்கே ஒரு தடை எழலாம். பதவியைக் கேட்டுப் பெறுவதை மார்க்கம் விரும்பவில்லையே என்பார்கள். உண்மைதான். அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களிடம் அதிகாரத்தைக் கேட்டு வாங்கவேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும், அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்புக் கேட்டபோது, அது அமானிதம், அதைத் தாங்கும் வலு உம்மிடமில்லை என்று மறுத்ததும் நாம் கேட்டறிந்தவையே.

ஆனால் அதே மார்க்கத்தில் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறும் இருக்கிறது. மிஸ்ர் நாட்டு மன்னரிடம் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி அவர்களே கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், தமக்குக் காக்கவும் தெரியும், விஷயமும் தெரியும் என்று தம் தகுதியையும் தாமே எடுத்துச் சொன்னார்கள். இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது?

குர்துபா நகரத்து இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள், 1273-இல் மறைந்தவர்கள், தமது தப்ஸீரில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பதவியின் சுகத்துக்காகக் கேட்பது வேறு. செய்ய வேண்டிய வேலை காத்திருக்கிறது, தன்னால் அது முடியும், வேறு தக்கவர் இல்லை என்று அறிந்து கேட்பது வேறு. பின்னதில் தன் தகுதியைச் சொல்வது தற்பெருமை ஆகாது. யூசுப் நபியின் காலத்தில் ஏழாண்டுப் பஞ்சம் வரவிருந்தது; அவர்கள் கேளாதிருந்தால் பட்டினி கிடப்பவர்கள் மக்களல்லவா?

அந்த இமாம் இன்னொன்றையும் சுட்டுகிறார்கள். யூசுப் நபி தம் குலத்தைச் சொல்லி வேலை கேட்கவில்லை. யஃகூப் நபியின் மகன், இப்ராஹீம் நபியின் வழித்தோன்றல் என்பதைவிட உயர்ந்த சிபாரிசு ஏது? தம் அழகையும் சொல்லவில்லை. காக்கத் தெரியும், விஷயம் தெரியும் என்ற இரண்டே. இரண்டும் அந்த வேலைக்கு வேண்டியவை. அதற்கு முன் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மன்னர் சிறையிலிருந்து அழைத்தபோது, தம்மீது சாட்டிய பழி விசாரிக்கப்படட்டும் என்று சொல்லித் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். சிறை வாசத்தை மறைக்கப் பார்க்கவில்லை. உண்மை வெளியான பிறகே பொறுப்பேற்றார்கள்.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வேலைக்குத் தேவையானதைச் சொல்; உள்ளதை உள்ளபடி சொல்; ஈரமானதை மேலே வை. நம் இளைஞர் எழுதவேண்டியது இவ்வளவே: “எனக்குக் கிடைத்த வகுப்பு இத்தகையது. நால்வர் வாசிக்கக் கற்றார்கள். இந்த முறையில் கற்பித்தேன். பலரிடம் என் முறை பலிக்கவில்லை. இன்ன காரணமென்று எண்ணுகிறேன்.” இதில் பெருமையும் இல்லை, பொய்ப் பணிவும் இல்லை.

தேவையும் இல்லாமல் இல்லை. 2021 அக்டோபரில் நம் மலேசியக் கல்வி அமைச்சு, ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க 18,702 பேரை ஒரே வீச்சில் சேர்ப்பதாக அறிவித்தது. பட்டம் பெற்ற பிள்ளைகள் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்துக்குக் காத்திருப்பதும், பள்ளிகள் ஆசிரியருக்குக் காத்திருப்பதும் ஒரே நாட்டில் நடப்பவைதாம். சிரமமான பள்ளியில் நின்று பழகிய ஒருவர் பணிவின் பேரால் ஒதுங்கிக் கடையில் உட்கார்ந்துகொண்டால், நட்டம் அவருக்கு மட்டுமா? ஐந்தாவதாக வாசிக்கக் கற்றிருக்கக்கூடிய பிள்ளைக்குமல்லவா! கடை ஹலாலான தொழில். நம்மை ஆளாக்கியதும் அதுவே. விரும்பி வருகிறவர் வரட்டும். அஞ்சி ஒளிந்துகொள்ளும் இடமாக அதை ஆக்கவேண்டாம்.

“உண்மையை எழுதினால் வேலை கிடைக்குமா?” என்று கேட்பீர்கள். கிடைக்காமலும் போகலாம். கூட்டிச் சொன்னவனுக்கே அந்த இடம் போகலாம். நயமான சரக்கை நியாய விலைக்கு வைத்தவன் கடை காலியாயிருக்க, பக்கத்துக் கடையில் கலப்படம் விற்பதை நாம் பார்த்ததில்லையா? அதற்காகக் கலப்படம் ஆகுமாகிவிடுமா? உண்மை பேசினால் உடனே இலாபம் வருமென்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவதும் ஒரு பொய்தான். பறவைகள் காலையில் பசித்த வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் நிறைந்து திரும்புகின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமை சொன்னார்கள். பறவை கூட்டிலேயே இருந்துவிடவில்லை, புறப்பட்டுப் போயிற்று. போவது நம் பங்கு. இரிஸ்கை அளப்பது அல்லாஹ்வின் பங்கு. உண்மை எழுதிய மனு ஒன்று திரும்பி வந்தால் அடுத்ததை எழுத வேண்டியதுதான்.

கடைசியாக, சகோதரர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் நம்மில் பலர். வேலை கேட்டு ஒரு பையன் படியேறி வந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? “எந்த ஊர்? யார் மகன்?” அல்லவா? யூசுப் நபி சொல்லாமல் விட்ட சிபாரிசை நாம் வற்புறுத்திக் கேட்கிறோம்! அவனுக்கு என்ன தெரியும், ஒப்படைத்ததைக் காப்பானா என்பதை அதன் பிறகே கேட்கிறோம். சில சமயம் கேட்பதே இல்லை. நம் ஈரத்தையும் நாம் மேலே வைப்பதில்லை. வேலை நேரம் எவ்வளவு, விடுப்பு எப்படி, சம்பளம் எந்தத் தேதியில் என்பதையெல்லாம் சேர்ந்த பிறகே அவன் கண்டுகொள்கிறான். வேலை கேட்பவன் உண்மை சொல்லவேண்டும் என்று நாம் கூறுவதானால், வேலை கொடுப்பவனும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவனே. தராசுக்குத் தட்டு இரண்டு.

நம் பிள்ளைகள் உள்ளதைச் சொல்லி ஹலாலான வேலை பெறவும், உள்ளதைச் சொல்லி நாம் வேலை கொடுக்கவும் வல்ல நாயன் தௌபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.