கண்டறிந்த பிறகு

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. பலருக்கும் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். விழித்திரைப் படத்தைப் பார்த்தே இந்தப் பாதிப்பைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு பற்றிய கூகுள் ஆய்வு 2016-இல் வெளியானது. மதுரை அரவிந்த் உள்ளிட்ட நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதற்குக் கைகொடுத்தன.

கண் மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கணினி கண்டுபிடித்துச் சொன்ன பிறகு லேசர் சிகிச்சைக்கு நகரத்துக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அந்தப் பயணத்துக்கு அரசு வழிசெய்யாவிட்டால் கண்டறிந்தும் பயனில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.