தன்வினை, பிறவினை

2017 அக்டோபர் 7, சனிக்கிழமை சாயங்காலம். கொச்சி மெட்ரோ கலூர் ஸ்டேடியம் வரைக்கும் ஓடத் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து; பிரேசிலுக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்டம். நான் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறிப் போனேன். நண்பன் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்தான். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அந்தக் கரையின் ஆழ்கடல் போட்டுகளில் பல கொச்சியில்தான் கட்டும். தங்கல் முடித்துக் கரையேறி அவனுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. உள்ளங்கையில் தங்கூசி அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை.

ஸ்டேடியம் முழுக்க மஞ்சள். கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சளும் பிரேசிலின் மஞ்சளும் ஒன்றாக இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு வசதி! ஆனால் கூட்டத்துக்கு ஒரு மனக்குறை இருந்தது. வினீசியஸ் ஜூனியர் வரவில்லை. பதினாறு வயதுப் பையனை நாலரைக் கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட் பேசி முடித்திருந்தது. பிரேசில் அணியில் பெயரும் இருந்தது. கடைசி நேரத்தில் அவனுடைய கிளப்பான பிளமெங்கோ அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதே கிளப்பின் இன்னொரு பையன் வந்திருந்தான். பெயர் லிங்கன்.

ஐந்தாம் நிமிடத்தில் ஸ்பெயினுக்குக் கோல். பிரேசில்காரன் காலில் பட்டே உள்ளே போனது. இருபத்தைந்தாம் நிமிடத்தில் லிங்கன் அதைச் சமன் செய்தான். பாதி ஆட்டம் முடிவதற்குள் பாலினோ இன்னொன்று. 2-1, அவ்வளவுதான் ஆட்டம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தோம். "இவம்லாம் பெரிய ஆளா வருவாம் மக்கா" என்றான் நண்பன். எனக்கும் சந்தேகமே இல்லை.

அந்தப் போட்டியில் ஆடியவை 24 அணிகள். அணிக்கு 21 பேர். மொத்தம் 504 பையன்கள். ஒவ்வொருவனையும் அவனவன் ஊரில் யாரோ ஒருவர் "பெரிய ஆளா வருவான்" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நான் பல வருஷமாக அவர்களை வெறும் ஆர்வக்கோளாறில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் ஃபில் ஃபோடன் அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரன். அவர் எவ்வளவு பெரிய ஆளானார் என்று சொல்லத் தேவையில்லை. அதே அணியின் ரையன் ப்ரூஸ்டர் எட்டு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினான். காலிறுதியில் ஹாட்ரிக், அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக மறுபடி ஹாட்ரிக். சில மாதங்களில் காலில் பெரிய காயம். 2020இல் ஷெஃபீல்டு யுனைடெட் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. முதல் சீசனின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. இந்தியாவில் எட்டு கோல் அடித்த கால்தான் அது.

லிங்கனின் கதை இன்னும் சின்னது. 2019 டிசம்பர் 21, தோஹா. கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பிளமெங்கோவும் லிவர்பூலும். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் ஒரு கோல் முன்னால். மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த லிங்கனுக்குக் கடைசி நிமிடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கோல் எதிரே இருந்தது. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அப்போது பத்தொன்பது வயது. பிளமெங்கோ ரசிகர்கள் அந்த உதையை மறக்கவே இல்லை. 2021 ஜனவரியில் ஜப்பானின் விஸ்ஸெல் கோபே அணிக்குப் போனார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் அதே கோபே அணிக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். போயான் கிர்கிச். 2007இல் பதினேழு வயதில் பார்சிலோனாவுக்கு ஆடியவர். அடுத்த மெஸ்ஸி என்று உலகமே சொன்ன பையன். முதல் சீசனிலேயே லீக்கில் பத்து கோல். ஆக, கொச்சியில் கோல் அடித்தவரும் அடுத்த மெஸ்ஸியும் கொஞ்ச காலம் ஒரே அணியில் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் வாயில் வந்த வார்த்தை: "ரெண்டு பேருமே வீணாப் போயிட்டாங்க."

இந்த வார்த்தையை நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! கெட்டுப்போன பாலுக்கும் ஊசிப்போன குழம்புக்கும் சொல்கிற வார்த்தை. பள்ளியில் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்தும்போது பந்தைத்தான் உதாரணம் காட்டுவார். பந்து உருண்டது, தன்வினை. பந்தை உருட்டினான், பிறவினை. 'வீணாப் போனான்' தன்வினை. தானாகவே நடந்ததுபோல, அவனே செய்துகொண்டதுபோல. 'வீணாக்கினார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் எழுவாய் தேட வேண்டும்.

நீ லாம்ப்டி என்ற ஆட்டக்காரரின் கதைக்கு எழுவாய் உண்டு. கானா நாட்டுக்காரர். தகப்பனின் அடிக்குத் தப்பித் தெருக்களில் படுத்துறங்கிய சிறுவன். 1991இல் இத்தாலியில் இதே பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கானா கோப்பை வென்றது. சிறந்த ஆட்டக்காரன் லாம்ப்டி. பெலே இவனைத் தன் வாரிசு என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. (பெலேயின் பெயரை எந்தப் பையன் தலையில் வைத்தாலும் கழுத்து ஒடிகிறது. அமெரிக்காவில் பதினான்கு வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாகிப் பெலேயோடு விளம்பரத்தில் நடித்த ஃப்ரெடி அடூவும் அப்படித்தான்.) ஆண்டர்லெக்ட், பி.எஸ்.வி., ஆஸ்டன் வில்லா, கவென்ட்ரி, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, சீனா என்று லாம்ப்டியை மூட்டைபோலக் கைமாற்றினார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது, வாசிக்கத் தெரியாதவர். ஏஜென்டை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இதை 'லாம்ப்டி வீணாப் போனான்' என்று சொல்வது வெறும் இலக்கணப் பிழை அல்ல.

பிளமெங்கோவுக்கே திரும்பி வருகிறேன். ரியோவில் அந்தக் கிளப்பின் பயிற்சி மையத்தில் 2019 பிப்ரவரி 8 அதிகாலையில் தீப்பிடித்தது. வெளியூர்ப் பையன்களைக் கன்டெய்னர் அறைகளில் படுக்க வைத்திருந்தார்கள். நகராட்சிக் கணக்கில் அந்த இடம் வாகன நிறுத்தம். பத்துப் பேர் இறந்தார்கள். பதினான்கு முதல் பதினாறு வரை வயது. வினீசியஸ் கிளம்பிப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்தில் எத்தனை வினீசியஸ், எத்தனை லிங்கன் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அந்தக் கணக்கைப் படிக்க எனக்குக் கூசியது. பத்தில் ஒருவன்கூட ஆட்டக்காரனாக வந்திருக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் இழப்பு குறைந்துவிடுமா?

அதற்கு முன்பே, 2017இல், எங்கள் கரையிலும் ஒன்று நடந்தது. கொச்சி ஆட்டம் முடிந்து எட்டு வாரத்தில் ஓகி புயல் வந்தது. நண்பன் அப்போது கடலில். அவனுடைய போட் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கியது என்று தெரிய எட்டு நாளானது. கோயில் முற்றத்தில் எழுதி ஒட்டிய பெயர்களுக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். சின்ன வயதில் எங்களோடு கடப்புறத்தில் செவன்ஸ் கால்பந்து ஆடியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியல் முன்னால் நின்றபோது எவன் நல்ல ஆட்டக்காரன், எவன் சுமார் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இதற்குமேல் அதை இங்கே எழுத விருப்பமில்லை.

நண்பனைப் பற்றிச் சொல்லவில்லையே. இடது விங்கில் ஆடுவான். மணலில் வெறுங்காலில் ஆடிப் பழகியவனைப் புல்தரையில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று பேர் சுற்றி நின்றாலும் நடுவே பந்து தண்ணீர்போல வடிந்து வெளியே வந்துவிடும். எங்கள் ஊர் மட்டுமல்ல, கேரளத்து செவன்ஸ் பந்தயங்களுக்கும் வண்டி அனுப்பிக் கூட்டிப் போவார்கள். பதினெட்டு வயதில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்குப் போனான், எடுத்தும் கொண்டார்கள். பஸ் ஏற்றிவிட்டது நான்தான். "அடுத்த தடவ உன்ன டிவிலதான் பாக்கணும்" என்று சொன்னதும் நான்தான். நான்காம் மாதம் பயிற்சி ஆட்டத்தில் முட்டு திரும்பியது. கிளப்காரர்கள் ஐஸ் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பஸ்காசு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் ஆசானிடம் பற்றுப் போட்டான். இன்றைக்கு நாகர்கோவிலிலேயே சாதாரணமாகச் செய்துவிடும் தசைநார் அறுவைச் சிகிச்சை அது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். நடக்கலாம், பாரம் தூக்கலாம். திடீரென்று திரும்ப முடியாது. விங்கில் ஆடுகிறவனுக்குத் திரும்புவதுதான் உயிர். அடுத்த வருஷமே கடலுக்குப் போய்விட்டான்.

இருபது வருஷமாக இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு திறமை, எல்லாம் வீணாப் போச்சு." தன்வினை பிறவினை யோசனை வந்த பிறகு அதை மாற்றிக்கொண்டேன். "வீணாக்கிட்டாங்க." எழுவாய் கிடைத்துவிட்டது, அந்தக் கிளப். எனக்குள் ஒரு நியாயவான் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

போன வருஷம் கடப்புறத்தில் அவனோடு உட்கார்ந்திருந்தபோது இதை அவனிடமே சொன்னேன். லாம்ப்டி, லிங்கன், இலக்கணம் எல்லாம் சேர்த்து. பொறுமையாகக் கேட்டான்.

"நா வீணாப் போனேன்னு ஆருலே முடிவு பண்ணினது?"

நான் கிளப் மீது பழிபோட்டதை அவன் முழுசாக ஏற்கவில்லை. அவர்கள் செய்தது தப்புதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், என்றான், அந்த ஹாஸ்டல் அவனுக்குப் பிடிக்கவில்லை. காலையில் விசில், ராத்திரி விசில். ஒருநாள் நன்றாக ஆடவில்லை என்றால் மறுநாள் சாப்பாட்டு மேசையில் யாரும் முகம் பார்ப்பதில்லை. பந்தைக் கண்டாலே வயிறு கலங்க ஆரம்பித்தது. கடப்புறத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. "முட்டு போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கி அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் உண்டு மக்கா. வீட்டுக்குப் போலாம்லா."

எனக்குச் சட்டென்று போயான் ஞாபகம் வந்தார். பார்சிலோனாவில் கோல்களாக அடித்துக்கொண்டிருந்த அதே 2008இல் ஸ்பெயின் மூத்தோர் அணியின் அழைப்பு வந்தது. ஆட்டத்துக்கு முன் அவருக்குத் தலைசுற்றியது, உடம்பு பதறியது. வயிற்றுக்கோளாறு என்று வெளியே சொன்னார்கள். அந்த வருஷ ஐரோப்பியக் கோப்பைக்கு அவர் போகவில்லை. நாட்டுக்கு ஆட மனமில்லாதவன் என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. ஸ்பெயின் கோப்பையை வென்றது. நடந்தது பதற்ற நோய் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது பத்து வருஷம் கழித்து, 2018இல். அப்போது அவருக்கு எந்த முட்டும் திரும்பவில்லை. எந்த ஏஜென்டும் ஏமாற்றவில்லை. திறமை எங்கும் போகவில்லை. அது அவருடைய வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

இதை எந்த வினையில் எழுதுவது?

எனக்கு இப்போது தோன்றுவது இது. பையனுக்குப் பதினாறு வயதில் நாம் ஒரு கடன்பத்திரம் எழுதிவிடுகிறோம். அவன் கையெழுத்துப் போடுவதில்லை, லாம்ப்டியாவது போட்டார். அவன் அசலும் வட்டியுமாகத் திருப்பித் தர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். தராதபோது வீணாப் போனான் என்கிறோம். அவனை ஏமாற்றியவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கத்தான் வேண்டும். கன்டெய்னரில் படுக்க வைத்தவர்களை விடவே கூடாது. அது நீதி சம்பந்தப்பட்டது. ஆனால் அவன் ஆகாமல் போன ஆளுக்காக நான் படும் துக்கம் இருக்கிறதே, அது பெரும்பாலும் எனக்காகத்தான். டிவியில் அவனைக் காட்டி 'இவன் என் கூட்டாளி' என்று சொல்ல முடியாமல் போன துக்கம். இருபது வருஷம் அதை நட்பு என்று நினைத்திருந்தேன்.

அன்று கடப்புறத்திலிருந்து கிளம்பும்போது கேட்டேன், கொச்சியில் பார்த்த அந்த லிங்கன் ஞாபகம் இருக்கிறானா என்று. "அந்த மொத கோல் அடிச்சவம்லா? நல்ல கோல்" என்றான். தோஹாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது. கொச்சியில் உள்ளே போனது மட்டும்தான் அவன் கணக்கில் இருக்கிறது.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட்டும் அவன்தான் எடுத்திருந்தான். நான் காசு கொடுக்கப் போனபோது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். இதுவரை கொடுக்கவில்லை.