விண்ணிற் சுருளும் அளகநந்தை

எம்பெருமான் சடையிற் கரந்த கங்கைக்குத் தலையாறு அளகநந்தை. புனே நகர வானியலார் இருவர், 2025-இல் வெளிப்படுத்திய விண்மீன் மண்டிலம் ஒன்றற்கு அப்பெயரையே இட்டனர். ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டுகட்குமுன் புறப்பட்ட ஒளியில், அதன் சுருட்கைகள் இரண்டும் தெளிவாய்த் தோன்றுகின்றன. அத்துணை இளமையில் அவ்வொழுங்கு அமைந்ததே வியப்பு.

சுருட்கை கயிறு போன்றதன்று. ஆயின், உள்மீன்கள் முந்திச் சுற்றுதலாற் சில சுற்றிலே இறுகிக் குலையும். ஹாலிஎலத் தோட்டத்துத் தேர் திரும்பும் முடுக்கில் ஆட்கள் மாறுவர், நெருக்கம் மாறாது. விண்மீன்கள் புகுந்து நீங்க, நெருக்கமாகிய அலையே நிற்குமென்று 1964-இல் லின், ஷூ என்பார் விளக்கினர்.

இதனை ஆகமம் முன்பே கூறிற்றென்று சிறார்க்கு உரையாதீர். பாதிரிமார் பள்ளியில் யாம் அவ்வாறு வாதிட்டோம். எவ்வாகமம், எப்படலம் என்றான் உடன்பயின்றோன். வாளாவிருந்தோம்.